ஒன்பது மில்லிமீட்டர் சந்தேகம்

துக்கம் வந்தால் அழுது தீர்க்கலாம். சந்தோஷம் வந்தால் நாலு பேருக்குச் சர்க்கரை வழங்கலாம். இரண்டுமில்லாமல், "இன்னதென்று இப்போது சொல்வதற்கில்லை, மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று ஒரு சேதி வந்தால், அதை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது? நம் பெரியவர்கள் இதற்கு யாதொரு ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. சாவுக்கு ஒப்பாரி உண்டு. கல்யாணத்துக்கு நலங்கு உண்டு. சந்தேகத்துக்கென்று ஒரு சடங்கும் கிடையாது.

அத்தகைய சேதி சென்ற வருஷம் எனக்கு வந்து சேர்ந்தது. படியில் சறுக்கி விழுந்ததில் விலாவில் நோவு கண்டது. எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஸி.டி. படம் எடுத்தார்கள். எலும்பு க்ஷேமமாகவே இருந்தது. ஆனால், வலது நுரையீரலின் மேற்பகுதியில் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு இருப்பதாகவும், அது சந்தேகத்துக்குரியது என்றும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் கண்டிருந்தது. டாக்டர்கள் இதை 'நாட்யூல்' என்கிறார்கள். 30 மில்லிமீட்டர் வரையில் முடிச்சு. அதற்கு மேற்பட்டால் கட்டி. ஆக, என்னுடையது ஒரு கொத்துக்கடலையளவு விஷயம்!

கொத்துக்கடலையானாலும், அது என்ன கடலை என்பதல்லவா கேள்வி? டாக்டர் பொறுமைசாலி. படத்தைக் காட்டியே விளக்கினார். நுரையீரலின் மேற்பகுதி என்பது புற்றுநோய்க்கும் பிடித்தமான இடம். க்ஷயரோகத்துக்கும் பிடித்தமான இடம். க்ஷயக் கிருமி புகுந்தால், பல சமயங்களில் உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறை வைத்துவிடுகிறது. அந்தச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால், பழைய தழும்பு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். "உங்களுடையதில் சுண்ணாம்பு தெரியவில்லை" என்றார்.

"வேறு பரீட்சை இல்லையா?" என்று என் மனைவி கேட்டாள்.

இருக்கிறது. கதிர் வீசும் சர்க்கரையை ஊசி மூலம் ஏற்றி, எந்த இடம் அதை ஆவலாய் உட்கொள்கிறது என்று பார்க்கும் 'பெட்' ஸ்கான் ஒன்று உண்டு. புற்றுநோய் சர்க்கரையை விரும்பி உண்ணும். ஆனால் க்ஷயப் புண்ணும் அப்படியே உண்ணும். ஆகையால், க்ஷயம் மலிந்த நம் நாட்டில் அந்தப் படம் பளிச்சென்று ஒளிர்ந்தாலும் சந்தேகம் முற்றும் தீர்ந்துவிடாது. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் முடிச்சு சிறிது. ஊசி குறி தவறலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடுவதும் உண்டு. விளிம்பு வழவழப்பாக இருப்பதையும், நான் புகை பிடிக்காதவன் என்பதையும் யோசித்து, "மூன்று மாதத்தில் மறுபடி படம் எடுப்போம்" என்று டாக்டர் முடிவு செய்தார்.

"அதுவரையில் சும்மா இருக்க வேண்டுமா?" என்றேன்.

"சும்மா இருப்பதல்ல, அளந்து பார்ப்பது" என்றார் அவர். பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 9 மில்லிமீட்டர் உருண்டை 11 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டினாலே அதன் கன அளவு இரு மடங்காகிவிடும். கெட்டியான புற்று முடிச்சுகளில் பெரும்பாலானவை சுமார் 400 நாளைக்குள் இவ்விதம் இரட்டித்துவிடும். இரண்டு வருஷம் வரையில் அளவு மாறாத கெட்டி முடிச்சைத் தீங்கற்றது என்றே பெரும்பாலும் கொள்வார்கள். ஆகவே, இந்த வியாதிக்குக் காலமே ஒரு தராசு.

இன்னொன்றும் சொன்னார். "முன்னே எப்போதாவது நெஞ்சுப் படம் எடுத்ததுண்டா? பழைய படத்துக்கு நிகரான சாட்சி இல்லை." அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுப் பரண் தலைகீழாயிற்று. கல்யாணப் பத்திரிகைகள், மின்சார ரசீதுகள், யாருடையதென்று தெரியாத ஒரு ஜாதகம் எல்லாம் அகப்பட்டன. கடைசியில் பதினொரு வருஷத்துக்கு முந்திய எக்ஸ்ரே ஒன்றும் கிடைத்தது. என் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, சாதாரண எக்ஸ்ரேயில் இவ்வளவு சிறிய முடிச்சு தெரியாமலே போகலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு இராத்திரிகள் வந்தன. பகலில் எப்படியோ பொழுது கழிந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு விழிப்புக் கொடுத்தால், கொத்துக்கடலை பலாப்பழமாகிவிடும். கைப்பேசியை எடுத்தால் உலகத்து வைத்திய சாஸ்திரம் முழுவதும் படுக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் அதிகமாகப் புகை பிடித்தவர்கள் 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. ஸி.டி. படத்தில் சந்தேகம் கண்டவர்களில் 100-க்கு 96 பேருக்குப் புற்றுநோய் இல்லையாம். படித்ததும் மனம் துள்ளிற்று. ஆனால் அங்கே 4 மில்லிமீட்டர் புள்ளியையும் சந்தேகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். 9 மில்லிமீட்டர்க்காரன் அந்த 96-ஐ அப்படியே தனக்கு வரவு வைத்துக்கொள்ள முடியாது. கணக்கு ஊருக்குப் பொது. முடிச்சு எனக்குச் சொந்தம்.

சிநேகிதர்களும் வந்தார்கள். ஒருவர், தம் மைத்துனருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்று தொடங்கிக் காரியம் வரையில் சொல்லி முடித்தார். மற்றொருவர் ஒரு சூரணத்தின் பெயரைச் சொல்லி, படமே வேண்டாம் என்றார். இருவரும் அன்புள்ளவர்களே. இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

உண்மையான சங்கடம் என் பெண்ணால் நேர்ந்தது. அவளுக்குப் புனேயில் உத்தியோகம் கிடைத்திருந்தது. "அப்பா, இந்த நிலைமையில் நான் போகமாட்டேன். எழுதிப் போட்டுவிடப் போகிறேன்" என்றாள். அவளிடம் என் தகப்பனாரின் கதையைச் சொன்னேன்.

1967-ல், எனக்கு நாலு வயதாயிருக்கையில், அவருக்கு க்ஷயம் கண்டது. அதற்குப் பத்து வருஷம் முந்தியென்றால் ஸானடோரியத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் 1956-ல் சென்னையில் க்ஷய மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை ஸானடோரியத்திலும், பாதிப் பேரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தால் மனைவி மக்களுக்கு அதிகமாகத் தொற்றுமா, தொற்றாதா? யாருக்கும் தெரியாது. தெரியாததை அவர்கள் ஒளிக்கவில்லை. குடும்பத்தாரையும் சேர்த்து மாதக்கணக்காகப் பரிசோதித்துக் குறித்து வந்தார்கள். வீட்டு வைத்தியம் ஏறக்குறைய ஸானடோரிய வைத்தியத்துக்கு ஈடானது என்று 1959-ல் வெளியிட்டார்கள். வீட்டாருக்கும் அதனால் அதிக அபாயமில்லை என்று கண்டார்கள். உலகத்தின் க்ஷய வைத்தியமே அதன் பிறகு மாறிற்று. அதனால்தான் என் தகப்பனார் எங்கள் கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுத்து, மருந்து சாப்பிட்டுக் குணமடைந்தார். ஒருவேளை அந்த நாளில் என் நெஞ்சில் புகுந்ததுதான் இந்த முடிச்சோ என்னவோ!

"அவர்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அம்மா. ஆனால் தேதி போட்டுக் காத்திருந்தார்கள். நமக்கும் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு நீ வந்து என் பக்கத்தில் நின்றால் போதும், நடுவிலுள்ள தொண்ணூறு நாளை இந்தக் கொத்துக்கடலைக்குக் காணிக்கை கொடுக்காதே" என்றேன்.

அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ரிப்போர்ட்டை முதலில் தனக்கே காட்ட வேண்டும், ஒரு வரி கூட மறைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ரயிலேறினாள்.

மூன்று மாதத்தில் எடுத்த படத்தில் முடிச்சு 9 மில்லிமீட்டராகவே இருந்தது. அதற்கு ஆறு மாதம் கழித்து எடுத்ததிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் சொன்னபடி வந்து, ரிப்போர்ட்டை எனக்கு முன்பாக அவளே படித்தாள். "நல்ல அறிகுறி; ஆனால் இரண்டு வருஷம் பூர்த்தியாகட்டும்" என்கிறார் டாக்டர். ஆகவே, என் கதைக்கு இன்னும் முடிவு தெரியாது. பயமும் போய்விடவில்லை, இரவு இரண்டு மணிக்கு இன்றும் அது வருகிறது. வந்தால், "உனக்குக் குறித்த தேதி இன்றில்லை" என்று சொல்லித் திரும்பிப் படுக்கிறேன். சில இரவுகளில் அது கேட்கிறது. சில இரவுகளில் கேட்பதில்லை.

இதைப் படிக்கும் குடும்பங்களில் யாருக்கேனும் இப்படி ஒரு வரி ரிப்போர்ட்டில் வந்திருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சொற்பமே. எத்தனை மில்லிமீட்டர், அடுத்த படம் என்றைக்கு, எவ்வளவு வளர்ந்தால் என்ன செய்வது என்ற மூன்றையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். வீட்டாரிடம் மறைக்காதீர்கள். பழைய படங்களை எறியாதீர்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில், காஸ் ஸிலிண்டர் வந்த நாளுக்கும் பால் கணக்குக்கும் நடுவே, என் மனைவி அடுத்த படத்தின் தேதியைச் சிறிய எழுத்தில் குறித்து வைத்திருக்கிறாள். அந்தச் சந்தேகத்துக்கு அவ்வளவு இடம் போதும் என்றே தோன்றுகிறது.