மேடையில் அளித்த வாக்கு

வணிகன் தன் சரக்கைப் புகழ்வதில் வியப்பில்லை. ஆனால் இன்னும் செய்து முடியாத சரக்கை, ஒளிவெள்ளத்திலே, ஆயிரக்கணக்கானோரின் கரவொலிக்கிடையே புகழும் வழக்கம் ஒன்று உண்டு. வீடியோ விளையாட்டு நிறுவனங்கள் வர்த்தகக் கண்காட்சிகளில் செய்துவரும் அறிவிப்புகளையே குறிப்பிடுகிறோம். இளைஞர் சிலர் ஆவலோடு காட்ட, அவற்றின் பதிவுகளை நாமும் கண்டோம். மேடையேறிப் பேசுவதைக் கடமையாகக் கொண்ட நமக்கு, அவை சிந்தனைக்குரியனவாய்த் தோன்றின.

இத்தகைய கண்காட்சிகளுள் புகழ்பெற்றது 'ஈ3'. 1995 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அது முதன்முறையாக நடைபெற்றது. சேகா நிறுவனத்தார் தங்கள் 'சாட்டர்ன்' கருவியின் விலை 399 டாலர் என அங்கே அறிவித்தனர். பின்னர் சோனி நிறுவனத்தின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, "299" என்று மட்டும் உரைத்துவிட்டு இறங்கினார். அரங்கம் அதிர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 'பிளேஸ்டேஷன்' அதே விலைக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சொல்லும் சுருக்கம், சொன்னதும் நிறைவேறிற்று.

பின்வந்த ஆண்டுகளில் சொல் பெருகியது. 2005-இல் அதே சோனி நிறுவனம், 'கில்சோன்' விளையாட்டின் அடுத்த பாகமென ஒரு காட்சியைத் திரையிட்டது. கண்டோர் மலைத்தனர். அதுவோ விளையாட்டிலிருந்து எடுத்ததன்று; விளையாட்டு எவ்வாறு அமைய வேண்டுமென விரும்பினரோ, அவ்வாறு தனியே தீட்டிய படம். விளையாட்டு 2009-இல்தான் வெளிவந்தது.

2019-இல் 'சைபர்பங்க் 2077' விளையாட்டிற்காக நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையில் தோன்ற, 2020 ஏப்ரல் 16 என நாளும் குறிக்கப்பட்டது. அந்நாள் பலமுறை தள்ளிப்போய், டிசம்பரில் விளையாட்டு வந்தபோது பிழைகள் மலிந்திருந்தன. சில நாள்களிலேயே சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பியளிக்க முன்வந்தது.

இந்நிலை ஏன் வருகிறது? போட்டியாளர் முந்திக்கொள்வரோ என்னும் அச்சம் ஒருபுறம். முதலீட்டாளரின் எதிர்பார்ப்பு மறுபுறம். கண்காட்சிக்கென ஒரு சிறு பகுதியை மட்டும் மெருகேற்ற, பணியாளர் ஏனைய வேலையை ஒதுக்கிவைக்கவும் நேர்கிறது. கைதட்டலுக்காக உழைக்கும் நேரம், வாக்கைக் காப்பதற்குரிய நேரத்தைத் தின்றுவிடுகிறது அன்றோ?

நேர்மைக்கும் சான்று உண்டு. 2017-இல் 'மெட்ராய்டு பிரைம் 4' என்னும் பெயரை நிண்டெண்டோ அறிவித்தது. 2019 ஜனவரியில், வேலை தங்கள் தரத்தை எட்டவில்லை, தொடக்கத்திலிருந்தே மீண்டும் செய்யப் போகிறோம் என்று அந்நிறுவனத்தாரே வெளிப்படையாக உரைத்தனர். 2025 டிசம்பரில் அது வெளிவந்தது. வெறுங்கையோடு மக்கள்முன் நின்று உண்மை கூறுவது எளிதன்று.

ஈ3 கண்காட்சி இனி இல்லை என்று 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டனர். மேடை கலைந்ததேயன்றி, வழக்கம் கலையவில்லை. அறிவிப்புகள் இன்று நேரே பிள்ளைகளின் கைப்பேசிக்கே வருகின்றன. முன்பணம் செலுத்தவும் அழைக்கின்றன. பெற்றோரே, அக்காட்சியைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். 'இது விளையாட்டின் உண்மைக் காட்சியன்று' என ஓரத்தில் சிறு எழுத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். அதனை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். விளையாட்டு வெளிவந்து, விளையாடியோர் அதன் நிறைகுறைகளைக் கூறும்வரை பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கப் பழகிய பிள்ளை, வேறெந்த மேடைக்கு முன்னும் எளிதில் மயங்காது.