சிம்லாவில் குளிர் காய்தல்

உதகமண்டலத்தைக் கண்டவர்கள் சிம்லாவின் குளிரையும் தாம் அறிந்ததாகவே எண்ணிக்கொள்வார்கள். உயரத்தை மட்டும் நோக்கினால் அவ்வெண்ணத்தில் பிழையில்லை. உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிம்லா ரயில் நிலையமோ 2,076 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. ஆயினும் உதகை நிலநடுக்கோட்டிற்கு 11 பாகை வடக்கே இருக்க, சிம்லா 31 பாகை வடக்கே அமைந்திருக்கிறது. உதகையின் உறைபனி வெயில் ஏறியதும் கரைந்து போகும். இங்கே மார்கழி, தை மாதங்களில் நண்பகலிலும் நிழல் விழுந்த சுவர் சில்லென்றே இருக்கும். இரவில் வெப்பம் உறைநிலையை ஒட்டி இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய் குப்பியிலேயே கல்லாகிவிடும். தோசை மாவு இரண்டு நாள் வைத்தாலும் பொங்காது. ஆகவே இம்மலைக்கு மாற்றல் பெற்று வரும் நம்மவர் குடும்பங்களுக்கு, வீடு கிடைத்த மறுநாளே எழும் கேள்வி, அறையை எவ்வாறு வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வது என்பதே. அதனைப் பற்றிச் சில செய்திகளை நம் சங்க அன்பர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

கால்காவிலிருந்து சிம்லா வரும் சிறு ரயில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இரண்டரை அடி அகலமே உடைய அத்தண்டவாளம் 96 கிலோமீட்டர் தூரத்தில் 102 சுரங்கங்களைக் கடந்து, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏறுகிறது. 2008ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டு, நமது நீலகிரி ரயிலுக்குத் தங்கையாயிற்று. வண்டி ஏற ஏற மரங்கள் மாறுவதைப் பயணி கவனிக்கலாம். முதலில் முட்புதர்கள், பாரோக், சோலன் பக்கங்களில் சீர் எனப்படும் ஊசியிலை மரங்கள், தாராதேவியை நெருங்கும்போது கருவாலி மரங்களும், வானளாவிய தேவதாருக்களும். அம்மரங்களுக்கு இடையே சரிவு முழுதும் தகரக் கூரைகள் தோன்றும். பழைய கூரை ஒவ்வொன்றின் மீதும் செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய புகைபோக்கிகள் இரண்டு மூன்று நிமிர்ந்து நிற்கும். சிம்லாவின் அடையாளம் அப்புகைபோக்கிகளே எனலாம்.

1864ஆம் ஆண்டு முதல் வெள்ளையர் இவ்வூரைக் கோடைத் தலைநகராக்கிக் கொண்டனர். தம் நாட்டு வீடுகளைப் போலவே இங்கும் கட்டினர். அறைக்கு ஒரு கணப்படுப்பு வைத்தனர். 1888இல் முடிவுற்ற வைஸ்ராய் மாளிகையைக் கட்டியவர் ஹென்றி இர்வின். நமது சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை 1892இல் முடித்துக் கொடுத்தவரும் அவரே. மாளிகையினுள் பர்மாத் தேக்கு இழைத்த கூடத்தில் நிற்பவர், பெரிய கணப்படுப்புகளைக் கண்டு வியப்பர். 1965 முதல் அங்கே உயர் ஆராய்ச்சி நிலையம் நடைபெற்று வருகிறது. மாளிகைக்குச் சொன்னது சிறு வீட்டிற்கும் பொருந்தும். இன்று வாடகைக்குக் கிடைக்கும் பழைய வீட்டுப் பகுதிகளிலும், சில அரசாங்கக் குடியிருப்புகளிலும் முன்னறைச் சுவரில் கணப்படுப்பு ஒன்று வாய் திறந்து நிற்பதைக் காணலாம்.

அதனைக் கண்டதும் புதிதாய் வந்தவர் மகிழ்ந்து, விறகை அடுக்கித் தீ மூட்டிவிடுவார். தீ அழகாக எரியும். முகம் சுடும், முதுகு நடுங்கும். திறந்த கணப்படுப்பு விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் அறைக்குத் தருகிறது. எஞ்சியது புகையோடு மேலே போய்விடும். அது மட்டுமோ? மேலேறும் புகை அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துச் செல்லும். அவ்விடத்தை நிரப்பக் கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே புகும். அடுத்த அறை முன்னிலும் குளிர்ந்து போவதற்குக் காரணம் இதுவே.

இக்குறையை மேனாட்டார் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்தனர். அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1742ஆம் ஆண்டளவில் கணப்படுப்பினுள் வைக்கத்தக்க இரும்பு அடுப்பு ஒன்றை அமைத்தார். ரம்போர்டு பிரபு 1796இல் எழுதிய கட்டுரையில், அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தைச் சுருக்கும் முறையை விளக்கினார். இன்று விற்கப்படும் உள்ளடுப்புகள் அவ்வழி வந்தவையே. கணப்படுப்பின் வாய்க்குள் அடங்கும் இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குக் கதவு ஒன்று. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் கீழே ஒரு திறப்பு. புகை செல்ல மேலே ஒரு குழல். தீ வேண்டிய அளவு காற்றையே உண்பதால் விறகு நிதானமாக எரிந்து, இரும்பு சூடேறி அறைக்கு வெப்பம் தருகிறது. நன்கமைந்த உள்ளடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு வரை வீட்டிற்குக் கிடைக்கும்.

எழுத்தர் தொழில் செய்பவனுக்கு எதையும் கணக்கிட்டுப் பார்ப்பதே வழக்கம். நன்றாய் உலர்ந்த விறகு 1 கிலோவில் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் அடங்கியுள்ளது. திறந்த கணப்படுப்பில் அதனால் நமக்குக் கிட்டுவது 0.4 யூனிட், மூடிய உள்ளடுப்பில் 2.6 யூனிட். அறையின் கன அளவை மீட்டரில் கண்டு, 14ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் அடுப்பு வேண்டும் என்பது தோராயமாகத் தெரியும் என்பது ஐரோப்பிய அடுப்பு வணிகர் கையாளும் விதி. 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறை சுமார் 48 கன மீட்டர். அதற்கு மூன்றரை கிலோவாட் போதும். நான்கு மணி நேரத்திற்கு 14 யூனிட். மூடிய அடுப்பில் இதற்கு ஐந்தரைக் கிலோ விறகு செலவாகும். திறந்த அடுப்பிலோ 35 கிலோ வேண்டும்! தம் ஊரில் விறகு கிலோ என்ன விலை, மின்சாரம் யூனிட் என்ன விலை என்பதை இவ்வெண்களோடு பெருக்கிப் பார்த்துக்கொண்டால், எது சிக்கனம் என்பதை ஒவ்வொரு குடும்பத்தலைவரும் தாமே முடிவு செய்யலாம். விறகு மிக விலையேறிய இடத்தில் மின்சாரக் கணப்பே மலிவு என்று விடை வந்தாலும் வியப்பில்லை.

உள்ளடுப்பே தக்கது என்று முடிவானால், கடைவீதியில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, மெல்லிய தகட்டால் செய்த உள்ளூர் அடுப்பு. காஷ்மீரத்திலும் லடாக்கிலும் இதனைப் புகாரி என்பர். இமாசலத்தார் தந்தூர் என்றே அழைக்கின்றனர். விலை மிகக் குறைவு. விரைவில் சூடேறும், விரைவில் ஆறும். தகடு மெல்லியதாகையால் சில குளிர்காலங்களில் துருவேறி ஓட்டை விழும். இரண்டாவது, 4 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, கணப்படுப்பின் அளவுக்கே செய்து தரும் பெட்டி. மூன்றாவது, கண்ணாடிக் கதவு பூட்டிய வார்ப்பிரும்பு அடுப்பு. நெடுநேரம் சூடு தாங்கும்; பார்க்கவும் அழகு. ஆனால் எடையும் மிகுதி, விலையும் மிகுதி; சூடாயிருக்கும்போது நீர் பட்டால் வெடித்துவிடும்.

மாதச் சம்பளக்காரருக்கு நடுவிலுள்ளதே பொருத்தம் என்பது என் கருத்து. அதிலும் சுண்ணாம்பும் சிமெண்டும் வைத்துச் சுவரோடு பூசிவிடாமல், உள்ளே தள்ளிவைத்து, சுற்றிலும் தகடு கொண்டு அடைக்கும்படி செய்துகொள்ள வேண்டும். மாற்றல் உத்தரவு என்று வருமோ யாரறிவார்? பூசிய அடுப்பு வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடும். தள்ளிவைத்த அடுப்பு நம்மோடு வண்டியேறும். பெரிதாக வாங்கினால் நல்லது என்று எண்ணுவதும் சரியன்று. பெரிய அடுப்பில் காற்றை அடைத்து மெல்லப் புகையவிடுவதைக் காட்டிலும், சிறிய அடுப்பைச் சுடர்விட்டு எரியவிடுவதே மேல். புகைந்து எரியும் விறகு, தார் போன்ற கரியைக் குழலின் உட்புறத்தில் படியச் செய்கிறது. அக்கரியே பின்னொருநாள் தீப்பற்றும்.

கீழ்க்கடைவீதியில் இவ்வகை அடுப்பு செய்யும் முதிய கொல்லர் ஒருவரிடம், நம் நண்பர் ஒருவருக்காக விலை கேட்கச் சென்றிருந்தேன். அவர் விலை சொல்லவில்லை. “பாபுஜி, பெட்டியை ஒரு வாரத்தில் செய்து தருகிறேன். உங்கள் வீட்டுச் சிம்னி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்து வாருங்கள்” என்றார். மறுநாள் கொத்தனார் கூரைமேல் ஏறிப் பார்த்தார். புகைபோக்கியின் தலையைத் தகரம் வைத்து யாரோ என்றோ மூடியிருந்தார்கள். அதற்குக் கீழே பறவைக்கூடு வேறு. அந்த வீட்டில் எண்பது வயதுத் தாயாரும் கைக்குழந்தையும் இருந்தனர். கேளாமல் தீ மூட்டியிருந்தால் புகை முழுதும் அவர்கள் படுக்கைக்கே வந்திருக்கும்.

விலைக்கு வாங்குவது பெட்டியானாலும், வீட்டைக் காப்பது புகைபோக்கியே. பழைய சிம்லா வீடுகள் பல மரச்சட்டத்திற்குள் கல்லும் மண்ணும் அடைத்து எழுப்பிய சுவர்களை உடையவை. புகைபோக்கியின் காரை உதிர்ந்தால் உள்ளிருக்கும் உத்திரத்தைத் தீ தொட்டுவிடும். மரம் மிகுந்த கட்டடம் எவ்வளவு விரைவில் எரியும் என்பதனை 1981இல் பீட்டர்ஹாபும், 2014இல் கார்ட்டன் மாளிகையும் காட்டின. ஆகையால் அடுப்பிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை எஃகுக் குழல் இறக்கிவிடுவது சிறந்தது. அடுப்பின் விலையில் பாதிக்கும் மேல் இக்குழலுக்கே ஆகலாம். ஆயினும் இச்செலவைத்தான் குறைக்கக் கூடாது. குழலின் தலை கூரையை ஊடுருவும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்தும், 10 அடிக்குள் உள்ள எதனைக் காட்டிலும் 2 அடி உயர்ந்தும் இருக்க வேண்டும். இல்லையேல் காற்று திரும்பிப் புகையைக் கீழே தள்ளும். அறைக்குள் தனிக் குழல் செல்லுமிடத்தில் மரத்திற்கும் குழலுக்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுதல் வேண்டும். ஆண்டுதோறும் குளிர் தொடங்குமுன் கரி தட்டிச் சுத்தம் செய்வதும் இன்றியமையாதது.

இவ்வளவு செலவு எதற்கு என்று, கரியிட்ட அங்கீட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வோர் இன்றும் உண்டு. டில்லி முதல் சிம்லா வரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் உயிர்கள் போகின்றன. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உறங்குபவர் விழிக்கவே மாட்டார். தலைவலியும் குமட்டலும் வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால், உடனே சன்னல்களைத் திறந்து அனைவரும் வெளியேற வேண்டும். உள்ளடுப்பு வைத்த அறையிலும் ஒரு சன்னலைச் சிறிது திறந்தே வைத்தல் நலம். இவ்வாயுவைக் கண்டு ஒலிக்கும் சிறு கருவியொன்று இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதனை வாங்கி மாட்டுவது வீண் செலவன்று.

விறகைப் பற்றியும் ஒரு சொல். பச்சை விறகின் எடையில் பாதி நீர்; அதனை எரிப்பது நீரைக் காய்ச்சுவதற்கே ஒப்பாகும். ஈரம் நூற்றுக்கு இருபதுக்குள் இறங்க வேண்டுமானால், பிளந்து அடுக்கி, மழை படாமல், காற்றோட்டத்தில் பல மாதம் உலர்த்த வேண்டும். சீர் விறகில் பிசின் மிகுதி; பற்றவைக்க உதவுமேயன்றித் தொடர்ந்து எரிக்க ஏற்றதன்று. கருவாலி நின்று எரியும். ஆனால் மலைச்சுனைகள் வற்றாமல் காப்பதும் அக்கருவாலிக் காடே என்பதனை இம்மலை மக்கள் நன்கறிவர். 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. அவ்வழக்கு நமது நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைப் பற்றி எழுந்தது. தலைச்சுமையாக வரும் பச்சை விறகை மலிவென்று வாங்காமல், முறையாக விற்கும் கிடங்கிலிருந்தே வாங்குவது நம் கடமை. ஐந்தரைக் கிலோவில் முடியும் வேலைக்கு 35 கிலோ எரியாதிருப்பது, பணப்பைக்கும் காட்டிற்கும் ஒருங்கே நன்மை.

நல்ல அடுப்பு அமைந்துவிட்டால் இல்லத்தரசியர் அதனை வெறும் கணப்பாக விட்டுவைப்பதில்லை. மேற்பலகையில் எப்போதும் ஒரு குடம் வெந்நீர் இருக்கும். காப்பி ஆறாது. சற்றுத் தள்ளி மணையின்மேல் வைத்த மாவு விடிவதற்குள் பொங்கியிருக்கும். பிள்ளைகள் பாடம் படிக்கவும், பெரியோர் கதை சொல்லவும் தாமாகவே அங்கு வந்து சேர்வர். இமாசலத்துக் கிராமங்களிலும் குளிர்காலத்தில் குடும்பம் முழுதும் தந்தூரைச் சுற்றியே வாழ்கிறது.

இம்மலைக்கு வரவிருக்கும் அன்பர்கள் ஆவணியிலேயே கொத்தனாரை அழைத்துப் புகைபோக்கியைப் பார்க்கச் சொல்லட்டும். புரட்டாசிக்குள் உலர்ந்த விறகை வாங்கி அடுக்கட்டும். அதன்பின் அடுப்பின் விலையைப் பேசட்டும். இவ்வரிசை மாறாதிருந்தால், குறைந்த செலவில் குடும்பம் முழுதும் அச்சமின்றிக் குளிர் காயலாம்.