வழிப்போக்கரின் உரிமையும் கிளாம்பாக்கமும்



சென்னைக்குப் பயணம் செய்யாத குடும்பம் காரைக்காலில் அரிது. மருத்துவம், வெளிநாட்டுப் பயணம், வணிகம், பிள்ளைகளின் கல்வி என ஏதேனும் ஒரு தேவை நம்மை அங்கே அழைக்கிறது.

முன்பு வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனை வரை சென்றன. இறங்கிச் சற்று நடந்தால் மண்ணடி. நம் கடற்கரை ஊர்களின் வணிகர்கள் நிறைந்த இடம் அது. நெரிசல் பெருகவே, 2002-இல் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குச் சென்றது. 2015-இல் அதன் வாசலுக்கே மெட்ரோ வந்தது. பின்னர் அங்கும் நெரிசல். 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில், ஏறத்தாழ 88 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. திண்டிவனம் வழியாகச் செல்லும் பேருந்துகள் இப்போது அங்கேயே நின்றுவிடுகின்றன. நகரின் மையம் அங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ.

மதரஸாவில் நாங்கள் கற்பிக்கும் ஃபிக்ஹு விதிகளுள் இரண்டு இங்கே பொருந்தும். பொதுமக்களுக்கு நேரும் தீங்கைத் தடுக்கத் தனிமனிதர் சிறு தீங்கை ஏற்கலாம் என்பது ஒன்று. ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்பது மற்றொன்று. நூற்றுக்கணக்கான பேருந்துகள் நகருக்குள் நுழையாததால் அங்கு வாழ்வோருக்கு நன்மை உண்டு. அதை மறுப்பது நீதியன்று. ஆனால் முனையம் திறந்தபோது அதன் வாசலில் இரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. நெரிசலின் சுமை நகரத்தின் தோளிலிருந்து இறங்கிப் பயணியின் தோளில் ஏறியது.

கண் சிகிச்சைக்காக என் தாயாரை அழைத்துச் சென்றபோது ஃபஜ்ருக்கு முன்பே அங்கு இறங்கினோம். ஆட்டோவுக்குக் கேட்கப்பட்ட கட்டணம், ஊரிலிருந்து வந்த பேருந்துக் கட்டணத்தையே மிஞ்சியது. முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் எங்கள் பையைச் சுமந்து, மாநகரப் பேருந்து நிற்கும் பகுதிக்கு அழைத்துச் சென்று, உம்மாவுக்கு இருக்கை பிடித்துக் கொடுத்தார். பெயரைக்கூடச் சொல்லாமல் திரும்பிவிட்டார்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். ஊரில் வசதியாக வாழ்பவரும் வழியில் ஆதரவற்றவர் ஆகலாம் என்பதே இதிலுள்ள படிப்பினை. அவருக்குத் தேவைப்படுவது எப்போதும் பணமாக இருப்பதில்லை. சில வேளைகளில் வழிகாட்டும் ஒரு சொல்லே போதும்.

ஆகவே முதியவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். மாநகரப் பேருந்தில் தாம்பரம் சென்றால், அங்கிருந்து மின்சார இரயில் கடற்கரை நிலையம் வரை செல்கிறது; மண்ணடி அதற்கு அருகில்தான். இதை எழுதி அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். சென்னையில் வாழும் நம் இளைஞர்களே, ஊரிலிருந்து பெரியவர் வருகிறார் எனத் தெரிந்தால் முனையத்திற்கே சென்று அழைத்து வாருங்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அறியாத நகரில் விடியுமுன் திகைத்து நிற்பவரின் தொல்லையை அகற்றுவதும் அதைச் சேர்ந்ததே.

அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்குவானாக. ஆமீன்.