வீடு என்னுது, வீடியோ என்னுது... சந்தா மட்டும் யாருக்கு?

தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். திருச்சி உறையூரில் இரவு எட்டு மணி, சிங்கப்பூரில் பத்தரை. அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது மகளிடமிருந்து போன்.

"அப்பா, அம்மாவோட அதிரசம் வீடியோ ஓட மாட்டேங்குதுப்பா. சந்தா கட்டுனாதான் காட்டுமாம்."

அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி 2017-இல் காலமானார். மறு வருடம் லீவில் வந்த மாப்பிள்ளை, வீட்டிலிருந்த வீடியோக்களை எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அதை ஒரு மீடியா சர்வராக மாற்றிக் கொடுத்தார். ஹாலில் இருக்கும் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் போதும். இங்கே டிவியிலும் பார்க்கலாம், சிங்கப்பூரில் மகளின் போனிலும் பார்க்கலாம். 1989 கல்யாண கேசட், 1992-இல் மகளுக்குக் காது குத்தியது, 2011-இல் மகள் கல்லூரியில் படித்தபோது அடுப்படியில் நின்று எடுத்த அதிரசம் வீடியோ என எல்லாமே அதில் இருந்தன.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மகள் அந்த வீடியோவைப் போட்டுவிட்டுத்தான் பாகு வைப்பார். "தண்ணியில ஒரு சொட்டு விட்டா கரையக் கூடாதுடி... உருட்டுனா உருளணும்" என்று அம்மா சொல்லும் இடம் வந்ததும் அடுப்பை அணைப்பார். எத்தனை சமையல் வீடியோ இருந்தாலும், அந்தக் குரல் சொன்னால்தான் அவருக்குப் பாகு வரும்.

அன்றிரவு வேறு வழி தெரியவில்லை. கம்ப்யூட்டரில் வீடியோவை ஓடவிட்டு, வாட்ஸ்அப் வீடியோ காலில் போனைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். கை கடுத்தது. பாகு வந்துவிட்டது. ஆனால், அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"கம்ப்யூட்டர் என்னுது. கரன்ட் பில் நான் கட்டறேன். எம் பொண்டாட்டி பேசறதை எம் பொண்ணு கேக்க, எவனோ ஒருத்தனுக்கு எதுக்குக் காசு?"

கோபம் அன்றைக்கு வந்ததல்ல. கடந்த சில வருடங்களாகவே ஒவ்வொரு அப்டேட்டிலும் அந்தச் செயலி கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தது. முகப்பில் இருந்த குடும்ப வீடியோக்கள் கீழே போய், யாரும் கேட்காத சினிமாக்கள் மேலே வந்தன. ஒருமுறை அவருடைய கல்யாண வீடியோவை ஏதோ ஆங்கிலப் படம் என்று நினைத்துக்கொண்டு, துப்பாக்கியோடு ஒருவர் நிற்கும் போஸ்டரை ஒட்டிவிட்டது. அப்போது சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை.

இது ஒரு மென்பொருளோடு முடிகிற கதை இல்லை. பரவலாகப் பயன்படும் பிளெக்ஸ், 2025 ஏப்ரல் 29 முதல், சொந்த வீடியோக்களை வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதைக் கட்டண வசதியாக்கியது. அதன் ஆயுள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 டாலர் ஆனது. வீட்டுக்குள் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. நிறுவனங்களுக்கும் ஊழியர்கள், செலவுகள் இருக்கின்றன. காசு கேட்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சும்மா கிடைக்கிறது என்று நம்பி ஒரு குடும்பம் தன் நினைவுகளை எல்லாம் அடுக்கிவைத்த பிறகு விதி மாறும்போதுதான் வலிக்கிறது.

மறுநாள், பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி மகன் வந்தான். "ஜெல்லிஃபின் போட்டுப் பார்ப்போமா பெரியப்பா?" என்றான்.

அதற்கும் ஒரு கதை உண்டு. எம்பி என்ற மீடியா சர்வர் மென்பொருளின் நிரல், முன்பு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி திறந்திருந்தது. 2018 டிசம்பரில் அதை மூடினார்கள். அது பிடிக்காத சிலர், அதுவரை திறந்திருந்த நிரலை எடுத்துத் தனியாக வளர்த்ததுதான் ஜெல்லிஃபின். தன்னார்வலர்கள் நடத்துவது; சந்தா கிடையாது. லாகின் விவரமும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

இலவசம் என்றாலும் வேலை வாங்கியது. 'குடும்ப வீடியோ' என்று வகை சொல்லிக் கொடுத்ததால் போஸ்டர் குழப்பம் தீர்ந்தது. ஆனால், பழைய டிவிக்குச் செயலி கிடைக்கவில்லை, எச்.டி.எம்.ஐ கேபிள் வாங்க வேண்டியிருந்தது. சிங்கப்பூருக்கு வழி திறப்பது அதைவிடப் பெரிய பாடு. நம் ஊர் பிராட்பேண்டில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுப்பதுண்டு. அப்படி இருந்தால் வெளியிலிருந்து நேராக நம் கம்ப்யூட்டரின் கதவைத் தட்ட முடியாது. மகளின் போனையும் இந்தக் கம்ப்யூட்டரையும் இணைக்க டெயில்ஸ்கேல் என்ற இன்னொரு செயலியைப் போட்டான். மாலை நான்கு மணி ஆனது.

அப்போதுதான் பையன் தலையை நிமிர்த்தினான்.

"பெரியப்பா, இந்த ஹார்ட் டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடுதே... இதுக்கு இன்னொரு காப்பி எங்க இருக்கு?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. காப்பி எங்கேயும் இல்லை. ஏழு வருடமாக இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஒரே டிஸ்க்கில்தான் எல்லாம் இருந்தது. கேசட்டுகளைப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று தூக்கிப்போட்டு வெகுநாளாகிறது.

அன்று மாலையே புது டிஸ்க் வாங்கி, இரவு முழுக்கக் காப்பி எடுத்தார்கள். அவர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் பார்த்தால் கல்யாணம் வந்திருந்தது. அதிரசம் வந்திருந்தது. காது குத்து மட்டும் வரவில்லை. மூன்று தடவை முயன்றும் பாதியில் நின்றது.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று மதியம் வரை யோசித்துவிட்டுப் போன் செய்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இருங்கப்பா. ரெண்டு வருஷம் முன்னாடி பாப்பாவுக்குக் காட்டறதுக்காக அதை லேப்டாப்ல இறக்கி வெச்சேன். அழிச்சேனா என்னன்னு தெரியலை. பாக்கறேன்."

அழிக்கவில்லை. மடியில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையும், அதைவிட அதிகமாக அழும் அம்மாவும் அன்றிரவே வாட்ஸ்அப்பில் திரும்பி வந்தார்கள்.

ஒரு வாரமாக எந்த மென்பொருள் நல்லது, எது மோசம் என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்று புரிந்தது. மென்பொருள் வெறும் ஜன்னல். அது நாளைக்கு மாறலாம். ஜெல்லிஃபினும் ஒருநாள் நின்றுபோகலாம். ஜன்னல் மூடினால் இன்னொன்றைத் திறந்துகொள்ளலாம். வீட்டுக்குள் இருக்கும் பொருளைத் தொலைத்துவிட்டால்தான் வழி கிடையாது.

இப்போது வீடியோக்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று உறையூர் ஹாலில், இன்னொன்று தம்பி வீட்டு பீரோவில், மற்றொன்று சிங்கப்பூரில். ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் விசேஷமும் போட்டுப் பெயர் வைத்திருக்கிறார். எந்த மென்பொருளும் இல்லாமலே தேடி எடுத்துவிடலாம். மாதத்தின் முதல் ஞாயிறு, தம்பி வீட்டுக்குப் போய் அந்த டிஸ்க்கைச் செருகி, ஏதாவது ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

தீபாவளி அன்று காலை மகள் அதிரசத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு உடைந்திருந்தன. "பாகு கொஞ்சம் முந்திடுச்சுப்பா. வாட்ஸ்அப்ல அம்மா சொன்னது சரியா கேக்கலை" என்று கீழே எழுதியிருந்தார்.

அடுத்த வருடம் கேட்கும்.