உறங்க ஓரிடம்

எங்கள் துறைமுகத்தை அறிந்தோர் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும் அறிவர். ஆங்கிலேயர் எண்ணெயைச் சேமிக்கவென அமைத்த அவற்றுள் 99 இன்றும் காட்டிடையே நிற்கின்றன. மூதூரிலிருந்து கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்ற என் சின்னம்மாவின் மகளுடன் ஓரிரவு தங்கியபோது, அத்தாங்கிகளே நினைவில் எழுந்தன.

அச்சிறிய அறையில் நால்வர் வசித்தனர். இரவு வேலைக்குச் சென்றவளின் பாய் எனக்குக் கிடைத்தது. விடியலில் அவள் திரும்பியதும் எழுந்து இடம் கொடுத்தேன். கிணற்றடியில் இருள் விலகுமுன்னரே வரிசை. வாடகையோ அறைக்கன்று, தலைக்கு. "அம்மா கேட்டா, நல்ல காத்தோட்டமான அறையெண்டு சொல்லு தங்கச்சி" என்றாள் அக்கா.

1978இல் அச்சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபோது முதலீட்டாளருக்குக் காணியும் வரிச்சலுகையும் வகுக்கப்பட்டன. கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் எங்கு உறங்குவர் என்பதோ பெரும்பாலும் அயல்வீட்டாரின் வாடகை வணிகத்துக்கு விடப்பட்டது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிலாளரிடையே கொரோனா பரவியபோது, இத்தகைய அறைகளில் வாழ்வோர் ஒருவரையொருவர் விலகியிருத்தல் எங்ஙனம் இயலும்?

எண்ணெய்க்கு இருப்பிடம் அமைத்தல் தொழிற்செலவெனில், உழைப்பவளுக்கு அமைத்தல் மட்டும் ஈகையாகுமா? அவளுக்கு வேண்டுவது காவல்மனையன்று. திறப்பு அவள் கையிலிருக்கும் உறைவிடம்.

ஊர் திரும்பியதும் சின்னம்மா கேட்டார். காற்றோட்டமான அறை என்றே கூறினேன். அப்பொய்க்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.