எட்வர்டு ரோஸ்... யார் அந்த எட்வர்டு?

பன்னீர் ரோஜா என்று பூக்கடையில் கேட்டு வாங்கும் நாட்டு ரோஜாக்களில் ஒன்றுக்கு, வேளாண் கையேடுகளில் 'எட்வர்டு ரோஸ்' என்று பெயர். இங்கிலாந்து ராஜாவோ என்று தேடிப் போனால், கதை மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு எரிமலைத் தீவில் போய் நிற்கிறது.

பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு அது. பழைய பெயர் பூர்போன். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிலங்களுக்கு ரோஜாச் செடிகளைத்தான் வேலியாக நட்டார்கள். (நமக்கு வாய்த்தது முள்கம்பி!) ஒன்று, வாசனையில் அசத்தும் டமாஸ்க் ரோஜா. இன்னொன்று, ஓயாமல் பூக்கும் சீனத்து இளஞ்சிவப்பு ரோஜா. இரண்டும் தானாகவே கலந்து, வேலிக்குள் புதுச்செடி ஒன்று முளைத்தது. அந்த நிலத்துக்காரர் பெயர் எதுவார் என்கிறார்கள். அந்தப் பிரெஞ்சுப் பெயர்தான் நம்மிடம் எட்வர்டு ஆகிவிட்டது.

1817-ல் தீவின் அரச தோட்டத்தைக் கவனிக்க வந்த பிரெயோன் என்ற தாவரவியலாளர், இதன் விதைகளை பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள நுய்யிக்கு அனுப்பினார். வருஷத்துக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும் ரோஜாக்களையே அதிகம் பார்த்திருந்த ஐரோப்பாவுக்கு, வாசனையும் உண்டு, திரும்பத் திரும்பப் பூக்கவும் செய்யும் என்றால் சும்மாவா? பூர்போன் ரோஜா என்று ஒரு தனி வம்சமே உருவானது. 1868-ல் வந்த செஃபிரின் த்ரூவானுக்கு முள்ளே கிடையாது!

பிரெயோன் வேலை பார்த்த தோட்டம், தலைநகர் சான் தெனியில் இன்று பொதுப் பூங்கா. அதே ஊரில் தமிழ்க் கோயிலும் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்களின் வாரிசுகள் இன்றும் தீமிதி நடத்துகிறார்கள்.

செடி விஷயத்துக்கு வருவோம். புதர் மாதிரி படர்ந்து, ஆள் உயரத்துக்கு வளரும். குச்சியை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். வட இந்தியாவில் ஒட்டுரோஜாவுக்கு இதை வேர்ச்செடியாக வைப்பதும் உண்டு. குறைகளும் இருக்கின்றன. மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய் வரும். பறித்த பூ சீக்கிரமே உதிர்ந்துவிடும். அதனால்தான் பொக்கே கடைகளில் நீளக்காம்பு ரோஜாக்கள் ஜெயித்துவிட்டன. முகர்ந்து பார்த்தால் பல பூக்களில் ஒன்றுமே இருக்காது. பெட்டியில் பயணம் போக வசதி, அவ்வளவுதான்.

மாடியில் ஒன்று வைக்க ஆசையா? ஆறு மணி நேர வெயிலும் பெரிய தொட்டியும் வேண்டும். நர்சரியில் விரிந்த பூவாகப் பார்த்து, முகர்ந்துவிட்டு வாங்குங்கள். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். எந்த இளஞ்சிவப்புப் பூவுக்கும் 'பன்னீர்' என்று எழுதிவிடுகிறார்கள்.