விளக்கீட்டுக்கு ஒரு மின்தீப வரிசை

சென்ற ஆண்டு திருக்கார்த்திகை விளக்கீட்டன்று ஸ்காபரோவில் எமது வீட்டு முன்றலைப் பார்த்த அன்பர்கள் சிலர், "இதை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று விசாரித்தார்கள். கடையில் வாங்கியதல்ல, வீட்டிலேயே கட்டியது. விபரத்தை எழுதித் தரும்படி அவர்கள் கேட்டதற்கிணங்க இதை எழுதுகிறேன்.

ஊரில் விளக்கீடு என்றால் படலையடியில் வாழைக்குற்றியை நட்டு, அதன் தலையில் விளக்கு வைப்போம். தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களைக் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், எருக்குழி வரை கொண்டுபோய்க் குத்துவோம். ரொறன்ரோவில் அந்த நாட்களில் நிலம் விறைத்துக் கிடக்கும். காற்றில் திரியும் நில்லாது. ஆகவே நத்தாருக்கு அயலவர் கட்டும் மின்குமிழ்களையே பல ஆண்டுகளாக நாமும் கட்டி வந்தோம். ஆனால் அவை ஒன்றில் எரியும், அல்லது கண்ணைச் சிமிட்டும். விளக்கு ஏற்றுவது போல் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றாது.

வீட்டில் தானியங்கி விளக்கு கட்டும் ஆசை புதிதல்ல. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜோன்சன் 1882 டிசம்பரில் நியூயோர்க்கில் தமது வீட்டு நத்தார் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 குமிழ்களைக் கட்டி, மரத்தையே மின்சாரத்தால் சுழல வைத்தார். கொழும்பில் வெசாக் தோரணம் பார்த்தவர்களுக்கு, செப்புத் தகடு பதித்த உருளை ஒன்று சுழன்று விளக்குகளை மாறி மாறி எரிய வைக்கும் வித்தை நினைவிருக்கும். இன்று அந்த உருளையின் வேலையைக் கட்டைவிரல் அளவான இ.எஸ்.பி.32 என்ற சிறு பலகை செய்கிறது. அதற்குரிய டபிள்யூ.எல்.ஈ.டி. என்னும் மென்பொருள் இலவசம். பேரன் அதைப் பலகையில் ஏற்றித் தந்தான். கைத்தொலைபேசியிலிருந்தே நிறத்தையும் வேகத்தையும் மாற்றலாம்.

குமிழ் வாங்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே கட்டளை கேட்கும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். அவ்வகையில் மூன்று கம்பிகள்: மின்னுக்கு இரண்டு, செய்திக்கு ஒன்று. முதற் குமிழ் தனக்குரிய 24 துணுக்குச் செய்தியை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குக் கடத்தும். அன்னதானப் பந்தியில் வாழையிலைக் கட்டு கைமாறுவது போல. பந்தியின் கடைசியில் இருப்பவருக்குக் கறி குறைவது போல, நீண்ட வரிசையின் கடைக்கோடிக்கு மின்னழுத்தம் குறைந்து வெள்ளை ஒளி பழுப்பேறும். மறுமுனையிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும். 5 வோல்ற்றில் 200 குமிழ்களும் முழு வெள்ளையாக எரிந்தால் ஏறக்குறைய 60 வாற்று, அதாவது 12 அம்பியர். பழைய 7 வாற்றுக் குமிழ்கள் 25 எரித்தால் 175 வாற்று. தீபநிறத்துக்கு நீலத்தை அநேகமாக அணைத்து, பச்சையைச் சிவப்பின் பாதிக்கும் கீழே வைத்தேன்.

வெளிச் செருகி, மின் கசிந்தால் தானே துண்டிக்கும் வகையாக இருத்தல் அவசியம். மின்வழங்கியில் சீ.எஸ்.ஏ. போன்ற அங்கீகார முத்திரை பார்த்து வாங்குங்கள். அதை மழையும் பனியும் படாமல் காராஜுக்குள் வையுங்கள். கட்டும் வேலையை ஒக்டோபரிலேயே முடித்துவிடுவது புத்தி. குளிரில் கம்பி விறைத்து, விரலும் விறைத்துவிடும்.

சூரியன் மறையும் நேரத்தைப் பலகை தானே கணித்து விளக்கை ஏற்றும். டிசம்பர் தொடக்கத்தில் இங்கு அது மாலை 4.40 அளவில். இதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. "தானாப் பத்துற விளக்கை நான் என்னெண்டு மோனை கும்பிடுறது?" என்றா. எண்பத்தாறு வயதில் அவவுக்கு வாசற்படி இறங்க முடியாது. எனவே சுவாமியறையில் ஓர் அழுத்தி பூட்டினோம். அம்மா குத்துவிளக்கை ஏற்றிவிட்டு அதை அழுத்துவா. அப்போதுதான் வாசலில் முதல் விளக்குப் பற்றி, ஒவ்வொன்றாக வெளியே போகும்.

எந்த ஒழுங்கில் பற்ற வேண்டும் என்றும் அவவே சொன்னா. வலிகாமம் வடக்கில் எமது வளவை விட்டு வந்தது 1990 யூனில். அந்த வீடு இப்போது இல்லை. அம்மா கடதாசியில் வளவைக் கீறி, முதலில் படலை, பிறகு கிணற்றடி, பிறகு மாட்டுக்கொட்டில், கடைசியாகப் பனையடி என்று குறித்துத் தந்தா. பேரப்பிள்ளைகள் அந்தப் பெயர்களையே மென்பொருளிலும் இட்டார்கள். அஞ்சற்பெட்டி படலையாயிற்று. தண்ணீர்க் குழாயடி கிணற்றடி. காராஜ் கதவு மாட்டுக்கொட்டில். பனைக்கு மேப்பிள் மரம்.

யன்னலருகே கதிரை போட்டிருந்து பார்த்தவ, கிணற்றடி விளக்கு அசையாமல் எரிவது பிழை என்றா. அங்கே எப்பொழுதும் வாடைக்காற்று அடிக்குமாம். அந்த ஏழு குமிழ்களுக்கு மட்டும் நடுக்கத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டிருக்கிறேன்.